யாத்திரை வண்டியில் எரிவாயு

ஆடிக் கிருத்திகைக் காவடிகள் திருத்தணி மலையினின்றும் இறங்கிய பின்னர், நம் வட்டாரத்து நெசவாளர்களும் விவசாயிகளும் தாம் யாத்திரை புறப்படுவது வழக்கம். ஐந்தாம் படைவீட்டின் நிழலில் வாழ்வோருக்கு மற்ற ஐந்து படைவீடுகளையும் ஒருமுறையேனும் கண்டுவர வேண்டுமென்ற ஆவல் இருப்பது இயல்பேயன்றோ? சங்கத்து அங்கத்தினர் இருபது, இருபத்தைந்து பேர் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்கு அமர்த்துவர். அரிசி, பருப்பு, எண்ணெய், பாத்திரம் யாவும் ஏறும். சமையற்காரர் ஒருவர் ஏறுவார். அவரோடு எரிவாயு சிலிண்டரும் ஏறும். இந்தக் கட்டுரை கடைசியாக ஏறும் அந்தப் பிரயாணியைப் பற்றியதாகும்.

சென்ற ஆண்டு, நம் வட்டத்து நெசவாளர் சங்கமொன்றுக்குக் கணக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். வாயிலில் யாத்திரை வேன் புறப்படும் நிலையில் நின்றது. இருபத்திரண்டு பேர், அவர்களுள் ஏழு பேர் குழந்தைகள். கடைசி இருக்கையின் அடியில், அரிசி மூட்டைகளுக்கிடையே ஒரு சிலிண்டர் படுக்க வைக்கப்பட்டிருந்தது. ரெகுலேட்டரையும் ரப்பர்க் குழாயையும் கழற்றவில்லை. அடுப்பும் மாட்டியபடியே அதன்மீது கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அருகிலிருந்த சமையற்காரரைக் கேட்டேன். அவர் என்னினும் மூத்தவர்.

“இருபது வருஷமாக இப்படித்தான் கொண்டு போகிறோம், சார். ஒன்றும் ஆனதில்லை. முருகன் துணையிருக்கிறான்” என்றார்.

“முருகன் துணையிருக்கட்டும், அண்ணா. சோப்பு நுரையும் கொஞ்சம் துணையிருக்கட்டும்” என்று கூறி, சிலிண்டரை வெளியே இறக்கி நிமிர்த்தி வைக்கச் செய்தேன். ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, வால்வைத் திறந்து, குழாயும் ரெகுலேட்டரும் சேருமிடத்தில் தடவினோம். நுரை மெல்லப் பொங்கத் தொடங்கியது. உடனே வால்வை மூடினோம். குழாயின் மேல் அச்சிட்டிருந்த ஆண்டைப் பார்த்தால், அதன் காலம் கழிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சூழ நின்றவர்கள் அந்நுரையைப் பார்த்தபடி பேசாதிருந்தனர். அந்த நிமிஷந்தான் இதனை எழுதத் தூண்டிற்று.

மதுரையில் நடந்தது

இது வீண் அச்சமன்று. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தருகே ஒரு யாத்திரைப் பெட்டி தீப்பற்றியது. லக்னௌவிலிருந்து தென்னாட்டு ஸ்தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்ட யாத்ரிகர்கள், தமக்கென முழுப் பெட்டியொன்றை அமர்த்திக்கொண்டு வந்தனர். நாகர்கோவிலிலிருந்து புனலூர்–மதுரை எக்ஸ்பிரஸில் இணைந்து வந்த அப்பெட்டி, மதுரையில் கழற்றித் தனியே நிறுத்தப்பட்டிருந்தது. காலை 5-15 மணியளவில் தீ மூண்டது. ஒன்பது பேர் மாண்டனர். விதிகளை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு சிலிண்டரே காரணமென ரயில்வே நிர்வாகம் அறிவித்தது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. அப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, மோதவில்லை, கவிழவில்லை. நின்ற இடத்திலேயே தீப்பற்றிற்று. மக்கள் உறங்கவும் உட்காரவும் உள்ள மூடிய அறைக்குள் எரிவாயு இருந்ததே அபாயத்தின் வேர். நம் வேனும் அத்தகைய மூடிய அறையே. திருப்பரங்குன்றத்துக்கும் பழமுதிர்சோலைக்கும் செல்லும் நம் யாத்ரிகர்களுக்கு மதுரை வழியேதான் பயணம். அவ்வூரைக் கடக்கும்போது இதனை நினைவுகூர்வது நன்று.

எரிவாயுவின் குணம்

எதனையும் அஞ்சுவதினும் அறிவது மேல். சிலிண்டரினுள் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் அது திரவமாக இருக்கிறது. வெளியேறும்போது ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரிகிறது. இயல்பில் அதற்கு மணம் கிடையாது. கசிவை நாம் அறியும் பொருட்டு, எதில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைக் கலக்கின்றனர்.

அதனினும் முக்கியமானது, இவ்வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை கனமானது என்பதே. புகை மேலே எழும். இதுவோ கீழே இறங்கும். மேட்டிலிருந்து வாய்க்கால் நீர் பள்ளத்தை நாடுவதுபோல, இது தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். வேனில் கடைசி இருக்கையின் அடியும், கதவோரத்துப் படிக்குழியும் அத்தகைய இடங்கள். சன்னலைத் திறந்து வைத்துவிட்டால் போதுமென்று சிலர் எண்ணுகின்றனர். சன்னல் இருப்பது இடுப்புக்கு மேலே. வாயு தேங்குவது கணுக்காலருகே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு இவ்வாயு கலந்தாலே, ஒரு பொறியில் தீப்பற்றும் நிலை வந்துவிடும். நடுத்தர வேனின் உட்புறம் 13 கன மீட்டர் என்று கொள்வோம். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்பது 260 லிட்டர் வாயு. அதற்கு வேண்டிய திரவம் ஏறத்தாழ ஒரு லிட்டர். நிறையில் அரைக் கிலோவைச் சற்றே மிஞ்சும். வீட்டுச் சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ! வாயு வண்டி முழுதும் பரவாமல் தரையில் தேங்குமாதலால், அந்த அரைக் கிலோவும் வேண்டுவதில்லை. இருக்கைக்கடியில் தீப்பற்ற அதனினும் குறைந்த கசிவே போதும்.

வேண்டுமா என்பதே முதற் கேள்வி

சிலிண்டரை எப்படி ஏற்றுவது என்று கேட்குமுன், ஏற்றத்தான் வேண்டுமா என்று கேட்பது விவேகம். ரயிலில் கொண்டுசெல்வது குற்றம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, அபாயகரமான பொருளை விதிக்கு மாறாகக் கொண்டுசெல்வோருக்கு மூன்றாண்டு வரை சிறையும், ஆயிரம் ரூபாய் வரை அபராதமும், அல்லது இரண்டுமே விதிக்கலாம். பொதுப் பேருந்திலும் ஏற்றலாகாது. மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னுமாகச் சிலிண்டர் வைத்துச் செல்வது நம் தெருக்களில் அன்றாடக் காட்சி. அதனையும் எரிவாயு சிலிண்டர் விதிகள் தடுக்கின்றன.

யாத்திரைத் தலங்களில் சமையற் கூடத்தோடு கூடிய சத்திரங்களும் விடுதிகளும் உள்ளன. முன்கூட்டி எழுதியோ தொலைபேசியிலோ கேட்டு ஏற்பாடு செய்யலாம். காலைச் சிற்றுண்டியையும் தேநீரையும் வழிக்கடையில் முடித்துக்கொண்டு, ஒருவேளைச் சாப்பாட்டை மட்டும் தங்குமிடத்தில் சமைப்பது இன்னொரு வழி.

கட்டாயம் வேண்டுமென்றால், பெரிய சிலிண்டரை நாட வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் நம் மாநிலக் கூட்டுறவு அங்காடிகளில் 2 கிலோ, 5 கிலோ சிலிண்டர் விற்பனை தொடங்கப்பெற்றது. வீட்டு அடுப்பின் ஒரு வாய் மணிக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் வாயுவையே செலவிடும். ஆகவே 5 கிலோ பல வேளைகளுக்கு வரும். வீட்டு உபயோகத்துக்கென அளிக்கப்பட்ட சிலிண்டரைப் பிற காரியங்களுக்குப் பயன்படுத்தலாகாது என்பதும் 2000-ஆம் ஆண்டு ஆணையால் விதிக்கப்பட்டதேயாகும்.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை

சிலிண்டரின் கழுத்தைச் சுற்றியுள்ள வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறம் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் தீட்டப்பட்டிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச்சு வரை. பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. சி, டி என்பன அடுத்த இரு காலாண்டுகள். எண்கள் ஆண்டைக் குறிக்கும். அதற்குள் அச்சிலிண்டர் மறுசோதனைக்குச் செல்ல வேண்டும். காலம் கடந்திருந்தால் வாங்காதீர்கள். மாற்றித் தரக் கேளுங்கள்.

வால்வின் வாயினுள் சிறு ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அது வெடித்தோ நழுவியோ இருந்தால் கசிவு நிச்சயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ‘சுரக்ஷா’ குழாயின் ஆயுள் ஐந்தாண்டு. ஆண்டு அதன்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். கசிவைச் சோதிக்கச் சோப்பு நுரையே சாதனம். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது சோதனையன்று, அழைப்பு.

வண்டியில் வைக்கும் முறை

மேனாடுகளில் கேரவன் என்னும் நடமாடும் வீட்டு வண்டிகளில் குடும்பத்தோடு சுற்றுவோர் பலர். கேரள அரசும் 2021-இல் இத்தகைய சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை அறிவித்தது. அவ்வண்டிகளில் சிலிண்டர் இருக்கும் இடத்தைக் கண்டால் நமக்குப் பாடம் கிடைக்கும். அது மக்கள் இருக்கும் அறையில் இராது. புறத்தே மட்டும் கதவுள்ள தனிப் பெட்டியில், நிமிர்ந்து, பட்டையால் பிணைக்கப்பட்டு நிற்கும். பெட்டியின் அடிமட்டத்தில் வெளியே திறக்கும் துளைகள் இருக்கும். கசிந்த வாயு அவற்றின் வழியே இறங்கித் தெருக்காற்றோடு கலந்துவிடும். உள்ளே உறங்குவோரை அது அணுகாது.

நம் வாடகை வேனில் அத்தகைய பெட்டி கிடையாது. ஆதலால் ஆட்கள் ஏறும் வேனில் சிலிண்டர் ஏற்றாதிருப்பதே சிறந்த முறை. பெருங்கூட்டமாகச் செல்வோர், பாத்திரங்களையும் சிலிண்டரையும் திறந்த சிறு சரக்கு வண்டியில் தனியே அனுப்பலாம். அவ்வாறு அனுப்பும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சிலிண்டர் எப்பொழுதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். உள்ளே கீழ்ப்பாகத்தில் திரவமும் மேற்பாகத்தில் வாயுவும் இருக்கின்றன. நிமிர்ந்து நின்றால் வால்வருகே இருப்பது வாயு. படுக்க வைத்தால் அவ்விடத்துக்குத் திரவம் வந்துவிடும். அந்நிலையில் கசிந்தால், கசிவது 250 மடங்கு விரியக்கூடிய திரவமாகும்.

இரண்டாவது, ரெகுலேட்டரைக் கழற்றி, கயிற்றோடு தொங்கும் மூடியை வால்வின்மேல் அழுத்தி மாட்ட வேண்டும். சக்கரம் உருளும்போது எந்த இணைப்பும் இருத்தலாகாது.

மூன்றாவது, இறுகக் கட்டவேண்டும். நிறைந்த வீட்டுச் சிலிண்டரின் மொத்த எடை ஏறத்தாழ 30 கிலோ. திருத்தணி மலைப்பாதையின் ஒரு வளைவிலோ, ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடும்போதோ அது உருண்டால், இரும்பும் இரும்பும் மோதும். மேலொன்றும் கீழொன்றுமாக இரு கட்டுகள் போட்டு, வண்டியின் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். வால்வையோ கழுத்து வளையத்தையோ மட்டும் கட்டுவது கட்டாகாது. அடியில் கோணிச்சாக்கு விரித்தால் வழுக்காது.

நான்காவது, வெயில் படலாகாது. திரவம் சூட்டில் விரிவதற்கென்றே சிலிண்டரில் சிறிது இடம் காலியாக விடப்படுகிறது. சூடு ஏற ஏற உள்ளழுத்தமும் ஏறும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் கை வைக்க முடியாத சூடு ஏறுவதை நாம் அறிவோம். நிழலில் நிறுத்துங்கள், காற்றோட்டம் தடைப்படாதபடி மறைப்பு அமையுங்கள். டீசல் கேன், மண்ணெண்ணெய், கற்பூரம், பட்டாசு எதுவும் அதனருகே வேண்டா.

‘காலி’ என்று நாம் சொல்லும் சிலிண்டரும் முற்றும் காலியன்று. எஞ்சிய வாயு அதில் இருக்கும். திரும்பி வரும்போதும் மூடி, நிமிர்ந்த நிலை, கட்டு மூன்றும் வேண்டும்.

தங்குமிடத்தில்

சமையல் வண்டிக்கு வெளியே, திறந்த இடத்தில் நடக்கட்டும். மழையென்று வேனுக்குள் அடுப்பை ஏற்றுவோர் உண்டு. மூடிய இடத்தில் அடுப்பெரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. உறங்குவோரை எழுப்பாமலே உயிரைக் கவர்ந்துவிடும். அடுப்பு சமதரையில், குழந்தைகள் ஓடாத பக்கத்தில் இருக்கட்டும். தீக்குச்சியைக் கொளுத்திய பின்பே வாயுவைத் திறக்க வேண்டும். சமையல் முடிந்ததும் அடுப்பின் திருகை மட்டும் மூடினால் போதாது. ரெகுலேட்டரையும் மூட வேண்டும். சிலிண்டர் மாற்றுவது வெளியிலே, அண்டையில் எவ்வித நெருப்பும் இல்லாதபோது நடக்க வேண்டும்.

நாற்றம் வந்தால்

வண்டியை உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். விளக்கு, விசிறி, கைப்பேசி எதனையும் தொடாமல் எல்லோரையும் இறக்கி, காற்று வரும் திசையில் தூர நிறுத்த வேண்டும். குழந்தைகளும் முதியோரும் முதலில். கதவுகள் யாவும் திறந்திருக்கட்டும். வால்வை மூட இயலுமானால் மூடி, சிலிண்டரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய் நிமிர்த்தி வைக்கலாம். அருகில் பள்ளமோ சாக்கடையோ இருக்கலாகாது. எரிவாயுக் கசிவுக்கென உள்ள எண் 1906. தூர நின்று அழையுங்கள். நாற்றம் முற்றும் அகலும் வரை வண்டியை மீண்டும் கிளப்பாதீர்கள்.

தீ மூண்டு, அது சிலிண்டரைச் சுற்றி எரியுமானால், யாரும் வீரம் காட்ட வேண்டா. சாமான்களை மீட்க உள்ளே செல்வதும் வேண்டா. விலகிச் சென்று 101-க்கோ 112-க்கோ அறிவியுங்கள்.

தறிக்குழி உள்ள வீடுகள்

யாத்திரை முடிந்து சிலிண்டர் வீடு திரும்பும். ஆகவே வீட்டைப் பற்றியும் ஒரு சொல். நம் வட்டத்தில் குழித்தறி உள்ள வீடுகள் இன்னும் உண்டு. நெசவாளி கால் இறக்கி மிதிக்கும் அக்குழி, தரையோடு தவழும் வாயுவுக்கு வெட்டி வைத்த தொட்டி போன்றது. இரவில் சமையலறையில் கசிந்தது, விடியற்காலையில் தறிக்குழியில் தேங்கியிருக்கலாம். தறியேறுவோர் விளக்குப் போடும் அந்தக் கணமே அபாயம். தறி உள்ள அறையில் சிலிண்டர் வைக்காதீர்கள். உபரிச் சிலிண்டரும் அப்படியே. இரவு படுக்குமுன் ரெகுலேட்டரை மூடுவது விளக்கணைப்பது போன்ற வழக்கமாகட்டும். சங்கத்து நூற் கிடங்கிலும், உரமும் சாக்கும் அடுக்கிய வேளாண் கிடங்கிலும் சிலிண்டருக்கு இடமே இல்லை.

ஒருவர் பொறுப்பு

எல்லோருடைய வேலை எவருடைய வேலையுமன்று என்பதைச் சங்கக் கணக்குகளில் நான் பன்முறை கண்டிருக்கிறேன். யாத்திரைச் செலவுப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். அரிசிக்கு வரவுண்டு, வாடகைக்கு வரவுண்டு, தேங்காய் பழத்துக்கும் வரவுண்டு. புதுக் குழாய்க்கும் கட்டும் பட்டைக்கும் வரி இராது. சிலிண்டர் சமையற்காரர் பொறுப்பென்று நிர்வாகக் குழு நினைக்கும். வண்டிக்காரர் பொறுப்பென்று சமையற்காரர் நினைப்பார். வண்டிக்காரரோ, ஏற்றியவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைப்பார். அவர்களுக்கிடையே இருபத்திரண்டு உயிர்கள் அமர்ந்திருக்கும்.

ஆகையால் யாத்திரை ஏற்பாடு செய்யும் ஒவ்வொரு சங்கமும், பெயர் குறிப்பிட்டு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். புறப்படுமுன் அவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். 1960 வரை சித்தூர் மாவட்டத்தோடு இருந்த நம் பகுதியில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குகின்றன. சமையற்காரரும் ஓட்டுநரும் நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வருவதுண்டு. எச்சரிக்கைகளை இரு மொழியிலும் சொல்லி வைப்பது நலம்.

நான் கண்ட வேனின் கதையை முடித்துவிடுகிறேன். அன்று அவர்கள் சிலிண்டரைச் சங்கத்திலும் வைக்கவில்லை, ஏஜென்சிக்கே திருப்பியனுப்பினர். வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. சத்திரங்களிலும் கடைகளிலும் சாப்பிட்டதில் தலைக்குச் சில நூறு ரூபாய் கூடிற்று. நெசவுக் கூலியில் வாழ்வோருக்கு அது சிறு தொகையன்று. முணுமுணுத்தவர்களும் உண்டு, அவர்களைக் குறைகூற மாட்டேன். சில நாட்களுக்குப் பின் நான் மீண்டும் சென்றபோது, சமையற்காரர் ஒரு பழைய குழாய்த் துண்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அதனை அவர் வளைத்துக் காட்டினார். அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த வெடிப்புகள் வாய் திறந்தன.

“என் பேரனும் அந்த வண்டியில்தான் இருந்தான், சார்” என்றார். வேறொன்றும் கூறவில்லை.

இவ்வாண்டு அச்சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில், யாத்திரைக்கு முன் எரிவாயுச் சோதனை செய்யும் பொறுப்பு அவருக்கே அளிக்கப்பட்டிருக்கிறது. மற்றச் சங்கத்தாரும் அடுத்த யாத்திரைக்கு நாள் குறிக்குமுன் இத்தகைய தீர்மானமொன்றை நிறைவேற்றுவார்களாக. போனவர் அனைவரும் திரும்பி வந்து பிரசாதம் பகிர்ந்தளிக்கும் போதல்லவா யாத்திரை நிறைவெய்துகிறது?